பறையும் கிட்டாரும்

(கடலூர், சிதம்பரம் வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சிதம்பரத்தில் நின்று பாட்டைப் பற்றிப் பேசுகிறபோது நந்தனை நாம் விட்டுவிட முடியாது. ஆதனூர் நந்தன் கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தான், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தான் என்று சேக்கிழாரே பாடி வைத்திருக்கிறார். தோல் அவன் கொடுத்தது. அது முழங்குகிற இடத்தில் கால் வைக்க மட்டும் அவனுக்கு உரிமை கிடையாது! 1941-ல் இதே ஊரில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டார்கள், நியாயமான கோரிக்கை. பறைக்கு இடம் கேட்கும் போராட்டமோ தனியாக நடக்க வேண்டியிருந்தது.

அதன் ஒரு கட்டத்தைத்தான் சொல்ல வந்தோம். 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஓர் இசைக் கோஷ்டி மேடையேறியது. பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அதாவது சாதியற்றவர்களின் கூட்டு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சொல்லிலிருந்து எடுத்த பெயர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 பேர். வடசென்னைச் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானாப் பாட்டு, பறை, சட்டி, கட்டமேளம், டோலக்கு. பக்கத்திலேயே கிட்டாரும் டிரம்சும். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். கானா ஆண்களின் பாட்டு என்றிருந்த இடத்தில் இசைவாணி என்ற பெண் நின்று பாடினார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

கிட்டார் வெள்ளைக்காரன் மோகம் என்று சில தோழர்கள் முணுமுணுக்கிறார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் என்றொரு நகரம் உண்டு. நம் நெல்லிக்குப்பத்துக்குச் சர்க்கரை ஆலை எப்படியோ, அந்த ஊருக்கு ஒரு காலத்தில் துணி ஆலை அப்படி. 1970-களின் கடைசியில் அங்கே 'நேஷனல் பிரண்ட்' என்ற பாசிஸ்டுக் கூட்டம் கறுப்பர்களையும் ஆசியர்களையும் விரட்டு என்று தெருவில் கூவியது. லீட்சின் ஓவியக் கலை மாணவர் வட்டாரத்தில் 'கேங் ஆப் போர்', 'டெல்டா 5' என்ற கோஷ்டிகள் கிளம்பின. 'டெல்டா 5' 1979-ல் தொடங்கி 1981-ல் கலைந்துவிட்டது. ஐவரில் மூவர் பெண்கள். ஆயுள் இரண்டே ஆண்டு! ஆனால் 'இனவெறிக்கு எதிரான ராக்' என்ற இயக்கத்தோடு நின்றார்கள். அந்த இயக்கம் 1978 ஏப்ரல் 30-ல் லண்டனில் நடத்திய ஊர்வலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் பல்லாயிரக் கணக்கில் சேர்ந்து நடந்தார்கள். கிட்டாருக்குச் சாதியில்லை, அதைப் பிடித்திருக்கிற கைதான் யார் பக்கம் என்று சொல்கிறது.

இன்னொரு கேள்விதான் நமக்குக் கடினமானது. சாவுக்குப் பறையடிப்பது உன் சாதிக்கடமை என்று ஊர் கட்டாயப்படுத்தியபோது, இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள் நம் பெரியவர்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். இன்று பேரப்பிள்ளைகள் அதையே மேடையில் தூக்கும்போது அந்தப் பெரியவர்களுக்கு நெஞ்சு சுருக்கென்கிறது. அவர்களை நாம் பழைய ஆட்கள் என்று தள்ளக்கூடாது. கீழே வைத்ததும் போராட்டம், தூக்கியதும் போராட்டம். வித்தியாசம் கட்டாயத்தில் இருக்கிறது, தோலில் இல்லை.

ஆகவே சங்கத்தில் ஒரு கோஷ்டி கட்டுவதென்றால் முதலில் அந்தப் பெரியவர்களிடம் போய்ப் பேசுவோம். பறைக்காரருக்கும் கிட்டார்க்காரருக்கும் ஒரே படி, ஒரே சாப்பாடு. பறையை எல்லாச் சாதி வாலிபர்களும் கற்க வேண்டும். அடிக்கிறவர் ஒரே தெருவிலிருந்து மட்டும் வந்தால் அது பழைய ஏற்பாடுதான். நம்மிடம் டோலக்கு இரண்டு இருக்கிறது, பறை இருக்கிறது. கிட்டார் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுங்கள்.