கேட்பவருக்கும் ஒரு காது வேண்டும்



எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் கவலைகளைக் கேட்கும் பொறுப்பு என்னுடையது. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமில்லை என்று அவர்களிடம் சொல்லி வந்தேன். மாணவி ஒருத்தி தன் வீட்டு நிலையைச் சொல்லி அழுத பிறகு எனக்கே தூக்கம் போயிற்று. இருந்தும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக இரண்டு மாதம் தயங்கினேன். பெற்றோர் யாராவது பார்த்துவிட்டால்?

போன அன்று வரிசையில் என் பழைய மாணவன் நின்றிருந்தான்.

"நீங்களுமா டீச்சர்?"

"ஆமாப்பா, நானும்தான்."

அதுவரை குனிந்திருந்தவன் நிமிர்ந்து பேசினான்.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதும் நாம், நமக்காகவும் ஒருமுறை அழைப்போம்.