அனுப்புமுன் ஒரு நிமிஷம்



உரம், பூச்சிமருந்து, கடன் என்று பேசுகிற நேரத்திலே இன்று செல்போனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதிலே விவசாயத்துக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியாலே கோழி விலை படுத்தது நம் காலத்தில் நடந்ததுதான்.

2020-ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். கொரோனா அப்போதுதான் நம் நாட்டுக்குள் வந்திருந்தது. கோழிக்கறி தின்றால் அந்த நோய் வரும் என்று ஒரு செய்தி, கூடவே சீக்குக் கோழியின் படம். எழுதியது யார், படம் எந்த ஊர், என்றைக்கு எடுத்தது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோழியால் இது பரவுவதற்கு ஆதாரமே இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. யார் காதிலும் ஏறவில்லை. கறிக்கோழி விலை, வளர்த்த செலவுக்கும் கீழே போனது. நாமக்கல்லில் முட்டை விலையும் இறங்கியது. கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்தில் ஒரு பண்ணைக்காரர், தீவனம் போடக் கட்டுப்படியாகாமல், ஆயிரக்கணக்கான கோழிகளை உயிரோடு குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடினார்.

அதோடு நின்றதா? கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அடுத்தது சோயா புண்ணாக்கு. பண்ணையில் குஞ்சு விடாதபோது தீவன ஆலைக்காரர் எதற்கு மக்காச்சோளம் வாங்குவார்? பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மூட்டை பிடித்து வைத்திருந்தவரையும் அது தொட்டது. அந்தச் செய்தியை அனுப்பி வைத்தவர்களில் மக்காச்சோளம் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். தன் களத்து வைக்கோற்போரிலே தானே நெருப்பு வைத்த மாதிரிதான்.

பணம் போனால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே போனது ஓர் உயிர். பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று செல்போனில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த சமயம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதில் வயசான அம்மாள் ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்தே போனார். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. கம்பெனி தடுத்தால் போதுமா? விரல் நம்முடையது அல்லவா?

விதை வாங்கும்போது நீல அட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். செய்திக்கும் அப்படித்தான் பார்க்கணும். சொன்னவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி? மூன்றும் இல்லையானால் அது உங்கள் போனோடு நிற்கட்டும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். நிறையப் பேர் அனுப்பினதாலே நிஜமாகிவிடாது.

நாம் எழுதுவதிலும் கவனம் வேண்டும். "டேங்குக்கு 30 மில்லி" என்று ஒருவர் போடுகிறார். 10 லிட்டர் டேங்கா, 16 லிட்டர் டேங்கா? பயிர் எது, எத்தனை நாள் பயிர்? படிக்கிறவர் அப்படியே அடித்துக் கருக வைப்பார். மக்காச்சோளக் குருத்தில் புழுவைப் பார்த்தால் குருத்தையும், புழுவின் தலையையும், வால் பக்கத்தையும் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். தலையில் கவிழ்த்த ஒய் எழுத்து மாதிரி கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் படைப்புழு. ஊர், தேதி, ரகம் எழுதிக் குழுவில் போடுங்கள். பக்கத்து ஊர்க்காரர் மறுநாளே தன் வயலில் இறங்கிப் பார்ப்பார். காலை வணக்கப் பூப்படங்கள் நூறு வருவதற்கு இப்படி ஒன்று வரலாமே!

போட்டது தப்பு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்தால் மட்டும் போதாது. அதற்குள் பத்துப் பேர் வேறிடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். "நான் போட்டது சரியில்லை, சரியானது இது" என்று அதே குழுவில் எழுதுங்க. இதிலே கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பி.எம். கிசான் பணம் என்று பேர் போட்டு, ஏ.பி.கே. என்று முடிகிற கோப்பு வந்தால் தொடாதீர்கள், பிறருக்கும் அனுப்பாதீர்கள். பேங்குப் பணத்தைச் சுரண்டுகிற வேலை அது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிவிடும்.

பயிர் சம்பந்தமாக வந்த செய்தியில் சந்தேகமா? கிசான் கால் சென்டரைக் கேளுங்கள். காசு கிடையாது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பதில் சொல்வார்கள். எண் 1800-180-1551. பென்சில் தேடுகிறவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன்: 1800-180-1551.