எடை போடாத செடி

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



வேலைக்கு எழுதும் பாரத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் பிள்ளைகள் 'புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். கணினி விளையாட்டு என்று எழுதத் துணிச்சல் வராது. பெற்றோருக்கோ அந்தப் பேச்சே ஆகாது. நான் இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

விளையாட்டு என்றதும் துப்பாக்கிச் சண்டையை நினைத்துவிடாதீர்கள். 2016-இல் 'ஸ்டார்டியூ வேலி' என்று ஒன்று வந்தது. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனி ஆளாக உட்கார்ந்து செய்தது. படம், இசை, கதை எல்லாம் அவரே. தாத்தா விட்டுப்போன நிலத்துக்குப் போய்க் களை பிடுங்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், ஊராரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். பெரும்பாலும் இவ்வளவுதான். இதே சாதியைச் சேர்ந்த 'அனிமல் கிராசிங்' விளையாட்டின் புதிய பதிப்பு 2020 மார்ச் 20-இல் வெளிவந்தது. நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது அதே மார்ச் 18. கதவு சாத்தியிருந்த அந்த நாள்களில் எத்தனையோ பேர் திரையில் தோட்டம் போட்டார்கள்.

ஸ்டார்டியூவில் 2019-இல் தேயிலைச் செடியும் வந்து சேர்ந்தது. நட்டால் இருபது நாளில் வளர்ந்துவிடும். அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். ஆக, ஐந்து மணி நேரத்துக்குள் தேயிலை தயார்! கேமரன் மலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே கன்று நட்டுக் கொழுந்து கிள்ள மூன்று ஆண்டுகளாவது ஆகும்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த மலைச் சரிவுகளில் உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன, வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள். பாட்டி முதுகு வளைந்து பறித்ததைப் பேரன் காசு கொடுத்து வாங்கி விளையாடுகிறான்.

ஒரு நிகழ்ச்சிப் பதிவுக்காக அங்கே போயிருந்தபோது, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவரிடம் "உங்க பொழுதுபோக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "பொழுதை நான் எங்கம்மா போக்குனேன்? அது தானாப் போச்சு" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வாசல் முழுக்க மைலோ டின்கள். டின்னுக்கு டின் ரோஜா.

"அப்ப இது?"

"இதா? இது சும்மாம்மா."

அந்தச் 'சும்மா'வை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பகலெல்லாம் தொட்ட செடி தோட்டத்துச் செடி. அதன் கொழுந்தை நிறுத்தார்கள், கணக்கில் எழுதினார்கள், குறைந்தால் ஏசினார்கள். டின்னில் இருக்கும் செடியை யாரும் நிறுக்கவில்லை. வேலை இரண்டிலும் ஒன்றுதான், மண்ணும் தண்ணீரும் முதுகு வலியும். பேரனுக்குத் திரையில் கிடைக்கும் நிம்மதியும் இதுதான் என்பது என் எண்ணம். அந்த விளையாட்டில் தெம்பு தீர்ந்தால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கேட்க ஆள் இல்லை.

ஆனால் எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. கைப்பேசியில் இலவசமாக வரும் பலவற்றுக்குள் ஒரு கங்காணி உட்கார்ந்திருக்கிறார். தினமும் வந்து முகத்தைக் காட்டினால் பரிசு, ஒரு நாள் வராவிட்டால் சேர்த்தது போச்சு, சீக்கிரம் வளர வேண்டுமானால் ரிங்கிட்டை எடு. இதற்குப் பெயர் பெரட்டு. பிள்ளை விளையாடுகிறானா, பெரட்டுக்குப் போகிறானா என்று பாருங்கள்.

'ஒழுங்காக வாழ' விற்கும் செயலிகளும் வண்ணக் குறிப்பேடுகளும் இதே கதைதான். பட்டியலை அலங்கரித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடுகிறது. அந்த அம்மா வீட்டுச் சுவரில் ஒரு நாள்காட்டி, நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சில். கேஸ் மாற்றிய தேதி, கிளினிக் போக வேண்டிய நாள், ரோஜாவுக்கு உரம் வைத்த நாள், மூன்றும் அதில் இருந்தன. வேறொன்றும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு செய்தி. ஸ்டார்டியூவைக் கணினியில் விளையாடும்போது, அந்த நாள் முடிந்து படுக்கப் போனால்தான் செய்த வேலை பதிவாகும். நடுவில் சுவிட்சை அணைத்தால் அன்றைய உழைப்பு வீண். பிள்ளை கத்துவது அதனால்தான். "இந்த நாள் முடிஞ்சதும் எழுந்திரு" என்று சொல்லுங்கள். மிஞ்சிப்போனால் பதினான்கு நிமிடம். வீட்டில் பாட்டி இருந்தால் அதுவரை பக்கத்தில் உட்கார வையுங்கள். இருபது நாளில் எந்த ஊரில் தேயிலை வளரும் என்று அவர் கேட்பார். பேரன் பதில் சொல்லட்டும்.