வானலையில் நமக்குரிய பங்கு
(உன்னிச்சையில் ஆற்றிய உரை)



குளக்கட்டு, யானை வேலி, நெல் விலை என்று பேச வேண்டிய மேடையில் வானொலியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இரவெல்லாம் காவற் பரணில் யானைக்காக விழித்திருப்பவனுக்கு உற்ற துணை எது? உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்போது தாழ்நிலத்தார் எவ்வழி அறிவர்? 1978 நவம்பர் 23 இரவின் சூறாவளியையும் 2011 சனவரி வெள்ளத்தையும் இங்குள்ள மூத்தோர் மறந்திலர். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருங்கே அறுந்தன. அத்தகைய இரவில் மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியே எஞ்சுவது.

உலகம் இன்று டிஜிட்டல் வானொலியை நோக்கி நடக்கின்றது. குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறை இது. ஒரே அலைவரிசையில் பல நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஒலிபரப்பும் நிலையத்துக்கு மின்செலவு குறையும். இடர்க்கால எச்சரிக்கையை எழுத்திலும் பல மொழிகளிலும் காட்டலாம். இவற்றை நாம் மறுக்கவில்லை, வரவேற்கின்றோம். எனினும் டிஜிட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் தெளிவான ஒலி தானே வந்து சேரும் என்று நம்புவோர்க்கு ஒன்று கூறுவோம்.

பிரித்தானியாவில் பி.பி.சி. 1995இல் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் அதே இடத்துக்குள் மேலும் மேலும் நிலையங்கள் திணிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பங்கு சுருங்கியது; ஒலியின் தரமும் தாழ்ந்தது. வாய்க்கால் நீரைப் பத்து வயலுக்குப் பங்கிட்ட பின் மேலும் ஐந்து வயலுக்கு மடை திறந்தால் கடைக்கண்டம் என்னவாகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வானலையில் அந்தக் கடைக்கண்டம் எந்த மொழிக்கு ஒதுக்கப்படும் என்பதே நம் கேள்வி.

இன்னொன்று. பண்பலை தொலைவில் இரைச்சலோடாவது கேட்கும். காதைத் தீட்டிக்கொண்டால் செய்தி புரியும். டிஜிட்டலோ அலையின் வலு ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கியதும் முற்றாக வாய்மூடிவிடும். நகரத்தில் பளிங்குபோல் ஒலிப்பது இங்கே வெறும் மௌனமாகலாம்.

பெட்டிக்கும் வழி வேண்டும். ஆகாசவாணி முப்பதுக்கு மேற்பட்ட மத்திய அலை நிலையங்களை டிஜிட்டலாக்கியது. கேட்கும் வசதியோ பெரும்பாலும் புதிய மோட்டார் கார்களிலேயே அமைந்தது; எளியோர் வாங்கத்தக்க வீட்டுப் பெட்டி கடைகளில் அரிது. உழவு இயந்திரத்தில் செல்பவன் எதைக் கேட்பது? நம்மவர் பலர் வாழும் நோர்வேயில் 2017இல் தேசியப் பண்பலை நிறுத்தப்பட்டது. அங்கும் சிற்றூர் நிலையங்கள் பல பண்பலையிலேயே தொடர்ந்தன. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் பண்பலையைக் கைவிட்டது. கேட்போர் தொகை சரிந்தது. செல்வம் கொழிக்கும் நாடுகளின் கதை இது.

இது சலுகை கேட்கும் விடயமன்று. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியபோது, அதிற் பங்குபற்றி வந்த கேட்போர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1996இல் அளித்த தீர்ப்பு, அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதென்றது. ஒலிபரப்பு அதிகாரசபை மசோதா வந்தபோது, வானலை பொதுச்சொத்து என்றும், அதனை ஆளும் சபை அரசின் பிடியில் இருத்தலாகாது என்றும் அதே நீதிமன்றம் 1997இல் கூறியது. பொதுச்சொத்தில் பங்கு கேட்பவன் இரப்பவன் அல்லன்.

ஆகவே நாம் கேட்பது இது: டிஜிட்டல் வரும் நாளில் தமிழ் ஒலிபரப்புக்குரிய பங்கும் தரமும் எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். படுவான்கரையில் அலை சேர்வதை அளந்து காட்டாமல், மலிவான மின்கலப் பெட்டி கடைக்கு வராமல், பண்பலையை ஒருநாளும் நிறுத்தலாகாது. வெள்ள எச்சரிக்கை தமிழில், அதே நொடியில், வந்தாக வேண்டும்.

மனுவை வரைந்து கொண்டுவந்திருக்கின்றோம். சான்றில்லாத மனு வழக்காடாது. எந்த வட்டையில் எந்த நிலையம் கேட்கின்றது, எது கேட்கவில்லை, எந்நேரத்தில் மங்குகின்றது என்பதை வட்டவிதானைமார் ஒரு கிழமை குறித்து எழுதித் தருக. பெரும்போக விதைப்புக்கு முன் அக்குறிப்புகளை இணைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம்.