எரிபொருட் சிக்கனம்



பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே கல்லாய் மாறிய மரம் ஒன்று கிடக்கின்றது. ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அம்மரத்தை 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். அது வாழ்ந்த காலம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அகப்படும் கடற்சிப்பிகளும் சங்கினங்களும், ஒரு காலத்தில் இந்நிலத்தின்மீது கடல் பரந்திருந்தது என்பதற்குச் சான்றுகளாம். அத்தகைய பண்டைக் கடல்களின் அடியில் மடிந்து படிந்த நுண்ணுயிர்கள், வண்டலின் கீழ் அழுந்தி, நிலத்தின் வெப்பத்தால் நெடுங்காலத்தில் மாற்றமுற்றுப் பிறந்ததே பெட்ரோலியம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் விளைந்த அப்பொருளை நாம் ஒரு காலைப் பொழுதில் எரித்துத் தீர்க்கின்றோம்.

நம் காவிரிப் படுகையில் நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் கிடைக்கின்றது. எனினும் நாட்டின் தேவையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகின்றது. 1973ஆம் ஆண்டு மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலை சில திங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. செல்வம் மிக்க அமெரிக்காவே 1974இல் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்குள் அடக்கிச் சட்டம் இயற்றியது. எண்ணெய்ச் சிக்கனத்தைக் கற்பிப்பதற்கென்றே நம் நாட்டில் 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் தோன்றிற்று.

வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் என்ன தொடர்பு? வண்டியை எதிர்க்கும் காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கின்றது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை 70 ஆக்கினால் அத்தடை ஏறக்குறைய இரட்டிக்கின்றது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். 50இல் சென்றால் 36 நிமிடம். 70இல் சென்றால் ஏறத்தாழ 26 நிமிடம். பத்து நிமிடம் முந்துவதற்காகக் காற்றோடு இருமடங்கு போராடுகின்றோம். உயிருக்கும் இடர் தேடிக்கொள்கின்றோம். 45 முதல் 55 வரை உள்ள வேகமே சிக்கனமானது என்பது முன் சொன்ன சங்கத்தின் அறிவுரை.

இனி, ஓட்டும் முறை. விசையைத் திடீரெனத் திருகி விரைவதும், உடனே பிரேக்கை அழுத்துவதும் பெட்ரோலை வெப்பமாக்கி வீணடிப்பதே ஆகும். முன்னே வளைவோ கூட்டமோ தெரிந்தால் தொலைவிலேயே விசையைத் தளர்த்துக. கிளட்சைப் பாதி பிடித்தபடியும், பிரேக்கின்மீது கால் வைத்தபடியும் ஓட்டாதீர்கள். இரயில்வே கேட்டில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவிடுக. டயரில் காற்றுக் குறைந்தால் உருளும் தடை மிகும். ஆதலின் டயர் சூடேறுமுன், வாரத்துக்கு ஒருமுறையேனும் காற்றை அளந்து பாருங்கள். காற்று வடிகட்டியையும் சங்கிலியையும் உரிய காலத்தில் தூய்மை செய்க.

ஆயின் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. இறக்கத்தில் என்ஜினை அணைத்து வண்டியை உருளவிடுதல் கூடாது. காற்றின் தடை குறையும் என்றெண்ணிச் சுண்ணாம்புக்கல் லாரியின் பின்னே ஒட்டிச் செல்வது பெரும்பேதைமை. லாரி நின்றால் நிற்பதற்கு உங்களுக்கு இடமிராது. ஒரு சொட்டு எண்ணெய்க்கு உயிரை ஈடு வைப்பவன் சிக்கனக்காரன் அல்லன்.

எல்லாவற்றினும் மேலான சிக்கனம், தேவையில்லாதபோது வண்டியை எடுக்காமையே. குளிர்ந்த என்ஜின் மிகுதியாக எண்ணெய் குடிக்குமாதலால், தெருமுனைக் கடைக்குச் செல்லும் சிறு பயணமே செலவு மிக்கது. அதற்கு உங்கள் மிதிவண்டி போதாதா? பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை இல்லையெனினும் பேருந்து உண்டு. ஐம்பது பேரைச் சுமக்கும் பேருந்தில் ஒருவர் பங்குக்கு ஆகும் எண்ணெய் மிகச் சிறிது.

நிறைவாக ஒரு கணக்கு. கல்லூரிக்கு நாள்தோறும் போக வர 60 கிலோமீட்டர், திங்களுக்கு 25 நாள் செல்லும் மாணவர் ஒருவரை எண்ணுவோம். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 30 லிட்டர் வேண்டும். 60 ஓடினால் 25 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மிச்சம் 500 ரூபாய். மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் வீட்டில் அது தங்கையின் புத்தகச் செலவாகலாம். மேலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் இரண்டு கிலோகிராமுக்கு மேல் கரியமில வாயு வெளிப்படும். 5 லிட்டர் மிஞ்சினால் காற்றுக்கும் அவ்வளவு சுமை குறைகின்றது.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டா, சோதித்துப் பாருங்கள். தொட்டியை நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை நிரப்பும்போது, இடையில் ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு திங்கள் உங்கள் விருப்பப்படியும், மறு திங்கள் இம்முறைப்படியும் ஓட்டுங்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால், உண்மை தானே விளங்கும்.