மனச்சிதைவின் தொடக்கம்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், நன்கு படித்துவந்த பிள்ளையொருவன் நண்பர்களை விடுத்துத் தனியறையில் ஒடுங்கத் தொடங்கினால் நாம் என்ன எண்ணுகிறோம்? பரீட்சைப் பயம் என்கிறோம்; கண்ணேறு என்கிறோம். சில திங்கள் கழிகின்றன. அண்டை வீட்டார் தெலுங்கில் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றியே என்கிறான். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறான். வீடு கலங்கிப்போகிறது.

இவ்வாறு தொடங்கக்கூடிய பிணிகளுள் ஒன்று மனச்சிதைவு. பெரும்பாலும் இளமையில் தோன்றுவது. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரைப் பற்றுவது.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையிலுள்ள நுண்ணிய வெளியைக் கடந்து செய்தி கொண்டுசெல்பவை சில இரசாயனப் பொருள்கள். அவற்றுள் ஒன்றான டோபமைன், ‘இது முக்கியம், கவனி’ என்று மனத்துக்கு உணர்த்துகிறது. நோயின் தொடக்கத்தில் மூளையின் ஆழ்பகுதியில் இது பலருக்கு மிகுதியாகச் சுரப்பதைப் படக்கருவிகள் காட்டியுள்ளன. அப்போது சாலையில் ஒருவர் இருமுவதுங்கூடத் தமக்கான சைகையாகத் தோன்றும். டோபமைன் மட்டுமே காரணமன்று. குளுட்டமேட் என்னும் பொருளுக்கும், பரம்பரைக்கும், வாழ்க்கைச் சூழலுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும், தாயின் வளர்ப்புக் குறையால் வந்ததென்று பழிப்பது பிழை.

இவ்வறிவு வளர்ந்ததில் நம் நாட்டு மூலிகைக்கும் இடமுண்டு. சர்ப்பகந்தி மனப்பிணிக்குப் பயன்படுவதை 1931-ஆம் ஆண்டில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் எழுதினர். 1952-இல் அதிலிருந்து ரிசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையின் டோபமைனை வறளச் செய்வதை 1950-களின் இறுதியில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் கண்டறிந்தார்; 2000-இல் நோபெல் பரிசு பெற்றார். இன்றைய மருந்துகளுள் பெரும்பாலானவை டோபமைனின் செயலைத் தணிப்பவையே.

மருந்து எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நலம். சென்னையில் முதன்முறையாக இந்நோயுற்ற 90 பேரை 1981 முதல் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் பலர் வேலைக்குத் திரும்பினர், இல்லறமும் நடத்தினர். இதற்கு நேர்மாறான காட்சியை 2001-இல் ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். திருமலையப்பனை வேண்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வேண்டுதலோடு மருத்துவமும் நடக்க வேண்டும்.

இந்நோயை இரத்தப் பரிசோதனையால் அறிய இயலாது. நோயாளியின் சொற்களே மருத்துவருக்குச் சான்று. ஆதலால் தாய்மொழியில் மனந்திறந்து பேச வாய்ப்பு வேண்டும். சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், 1957 முதல் குடும்பத்தாரையும் உடன் இருத்திச் சிகிச்சை செய்துவருகிறது. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

குணம் கண்டவுடன் மருந்தை நாமாக நிறுத்திவிடலாகாது. நோயுற்றவரோடு வாதாடுவதாலும் பயனில்லை. அவருக்கு அக்குரல் மெய்யாகவே கேட்கிறது. பிள்ளை ஒடுங்கும்போதே அருகமர்ந்து, “என்னப்பா, உறக்கம் வருகிறதா?” என்று கேட்போம். மருத்துவரிடம் செல்லும் வழி அவ்வினாவில் தொடங்கட்டும்.