பத்திரிகையை நேரில் கொடுப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தச் சந்திப்பில் கல்வி உதவி, மருத்துவ உதவி, வரவு செலவு என்றுதான் பேசுவோம். இன்று செல்போனைப் பற்றிப் பேசப் போகிறோம். அறக்கட்டளைக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பந்தப்பட்ட குடும்பத்தின் அனுமதி வாங்கியே சொல்கிறோம். பெயரையும் தெருவையும் சொல்ல மாட்டோம். நீங்களும் விசாரிக்க வேண்டாம்.

ஒரு சகோதரி தன் கணவரின் சிகிச்சைக்காக உதவி கேட்டு வந்தார். ரேஷன் அட்டை, ஆதார், வங்கி பாஸ்புக், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டு வந்தார். நிர்வாகிகள் சிலர் ஊரில் இல்லை. சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், எல்லாவற்றையும் படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். அது முதலில் நிர்வாகிகளுக்கென்று தொடங்கிய குரூப். பிறகு தொண்டர்கள் வந்தார்கள், நன்கொடையாளர்கள் வந்தார்கள், நன்கொடையாளர்களின் மச்சான்மார் வந்தார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று எங்களுக்கே கணக்கில்லை.

மூன்றாவது நாள் அந்தச் சகோதரியின் கணவருக்கு சவூதியிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். "காக்கா, இவ்வளவு பெரிய நோயை எங்கக்கிட்ட மறைச்சிட்டீங்களே" என்று அழுதிருக்கிறார். காக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் அவருக்கு என்ன நோய் என்பது அவருக்கே தெரியாது. டாக்டர் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று அந்தப் பெண் தவித்துக் கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் போட்ட படம் கை மாறி, கடல் தாண்டிப் போய், அங்கிருந்து திரும்பி வந்து அவரிடம் சொல்லிவிட்டது.

அந்தச் சகோதரி அலுவலகத்துக்கு வந்து எங்களைத் திட்டவில்லை. "உதவி கேட்டதுதான் தப்பாப் போச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு வேறு சில குடும்பங்களும் எங்களிடம் வரத் தயங்கியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். தர்மத்தை மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். மறைவாக வாங்குகிற உரிமை வாங்குகிறவருக்கு வேண்டாமா? அவருடைய நோயும் கடனும் நம்மிடம் கொடுக்கப்பட்ட அமானிதம் இல்லையா?

இதற்கு வாட்ஸ்அப்பைக் குறை சொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. ஃபார்வர்டு செய்தது மனிதக் கைதான். ஆனால் சம்பவத்துக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, எங்கள் பழக்கத்தில் எத்தனை ஓட்டைகள் என்று தெரிந்தது. குரூப்பில் வந்த படங்கள் ஒவ்வொருவர் செல்போனின் கேலரியிலும் தானாகவே போய் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் விளையாடக் கேட்கும் செல்போன், பழுது பார்க்கக் கடையில் கொடுக்கும் செல்போன், எல்லாவற்றிலும் அந்த ரிப்போர்ட். உதவி கேட்ட பெண்களில் சிலரையும் நாங்களே குரூப்பில் சேர்த்திருந்தோம். அவர்கள் எண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தன. முன்பின் தெரியாதவர்கள் 'நலமா' என்று செய்தி அனுப்பியதாக இரண்டு சகோதரிகள் பிறகு சொன்னார்கள். எங்களுக்குத் தலை குனிவு.

அதன் பிறகுதான் நிர்வாக வேலைகளை சிக்னல் என்ற செயலிக்கு மாற்றினோம். அது என்ன என்று கொஞ்சம் விளக்குகிறோம்.

இது விளம்பரம் இல்லாத, காசு கேட்காத செயலி. இதை நடத்துவது லாப நோக்கமில்லாத ஒரு அறக்கட்டளை. 2018-ல் தொடங்கப்பட்டது. அதற்கு ஆரம்பத்தில் 5 கோடி டாலர் கொடுத்தவர் பிரையன் ஆக்டன், வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவர்! வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் நிறுவனம் வாங்குவதாக அறிவித்தது 2014-ல். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து அவர் அங்கிருந்து வெளியேறினார். இப்போது சிக்னல் ஓடுவது மக்கள் கொடுக்கும் நன்கொடையில். நம்மைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாம் எழுதுவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறை வாட்ஸ்அப்பிலும் உண்டு. உண்மையைச் சொன்னால், சிக்னலுக்காக உருவான அதே பூட்டைத்தான் வாட்ஸ்அப்பும் 2016 முதல் எல்லோருக்கும் போட்டது. வித்தியாசம் உறைக்குள் இல்லை, உறைக்கு வெளியே இருக்கிறது. கடிதத்தைத் தபால்காரர் பிரிக்கவில்லை, சரி. ஆனால் யார் யாருக்கு, எத்தனை முறை, எந்த நேரத்தில் எழுதுகிறார் என்று உறையைப் பார்த்தே ஒருவர் குறித்து வைத்தால்? ஒரு பெண் ஒரே வாரத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும், நகை அடகுக் கடைக்கும், நம் அறக்கட்டளைக்கும் செய்தி அனுப்பினால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தேவையே இல்லை.

இந்த உறைக் குறிப்புகளை சிக்னல் சேர்த்து வைப்பதில்லை. இது வெறும் வாக்குறுதியா என்று நாங்களும் சந்தேகப்பட்டோம். 2016-ல் அமெரிக்காவில் நீதிமன்ற நடவடிக்கை ஒன்றில், ஒரு கணக்கைப் பற்றிய விவரங்களைக் கொடு என்று சிக்னலுக்கு உத்தரவு வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. இல்லாததை எப்படிக் கொடுப்பது?

எங்களுக்குப் பயன்பட்டது இன்னும் சில சின்ன விஷயங்கள். சிக்னலில் வரும் படம் நாமாகச் சேமித்தால் ஒழிய கேலரிக்குப் போகாது. 2024 பிப்ரவரியிலிருந்து, நம் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர் தவிர குரூப்பில் உள்ள மற்றவர்களுக்கு அது தெரியாது. தெரியாத ஆள் செய்தி அனுப்பினால், ஏற்கலாமா, தடுக்கலாமா என்று நம்மிடம் கேட்கும். வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு உள்ளே வரும் பழக்கம் நமக்குப் புதிதல்லவே. செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். இந்த வசதி வாட்ஸ்அப்பிலும் இருந்தது, நாங்கள்தான் பயன்படுத்தவில்லை. விண்ணப்பக் குழுவில் இப்போது ஐந்தே பேர்.

ஆனால் ஐந்து பேர் மட்டும் மாறினால் போதவில்லை. இங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது. விண்ணப்பம் அனுப்புகிற குடும்பம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. அவர்களுக்காக விசாரிக்கிற பக்கத்து வீட்டு மாமியும் அங்கேதான். நாம் ஒரு பக்கம் கதவைப் பூட்டினால் மறுபக்கம் திறந்து கிடக்கிறது.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப் தன் விதிமுறைகளை மாற்றப்போவதாக அறிவித்து உலகமே கொந்தளித்த மாதம். திடீரென்று கூட்டம் குவிந்ததில் சிக்னலே ஒரு நாள் படுத்துவிட்டது. நம் மஹல்லாவிலும் பலர் அப்போது சிக்னலைப் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஆளில்லாத வீடு போல இருந்தது. வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். காரணம் எளிது. அன்று நாம் செய்த அழைப்பு, குரூப்பில் போட்ட ஒரு லிங்க் மட்டும்தான்.

நம் வீட்டில் நிக்காஹ் வைத்தால் என்ன செய்வோம்? பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு இருப்போமா? வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, "நீங்க கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டு வருவோம். நேரில் போய்ச் சொல்லாததற்காக வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிற சம்பந்திகளும் நம்மிடம் உண்டு! செயலிக்கு அழைப்பதும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செல்போனை அவர் கையிலேயே வைத்து, போட்டுக் கொடுத்து, முதல் செய்தியை நாமே அனுப்பி, பதில் வரும் வரை இருக்க வேண்டும்.

லிங்க் அனுப்ப வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி, திறந்தவரின் வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நம் நாட்டில் நடந்து வருகிறது. அழைப்பு என்ற பெயரிலேயே திருடன் வருகிற காலத்தில், நாமும் லிங்க் அனுப்பினால் எது எது என்று பெரியவர்களுக்கு எப்படித் தெரியும்? பிளே ஸ்டோரிலோ ஆப்பிள் ஸ்டோரிலோ நீங்களே தேடிப் போடுங்கள். பதிவு செய்யும்போது வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, அறக்கட்டளையிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னாலும்.

ஊரையே அழைக்க வேண்டாம். தினமும் நீங்கள் பேசுகிற ஒருவரிடம் தொடங்குங்கள். கணவன் மனைவி, உம்மா மகள், அல்லது துபாயில் இருக்கிற பிள்ளை. அந்த ஒருவரோடு பேச்சு முழுவதும் அங்கே நடந்தால் பழக்கம் நின்றுவிடும். வாட்ஸ்அப்பை அழிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். இரண்டும் ஒரே செல்போனில் இருக்கலாம். ஜனாஸா அறிவிப்பும் பள்ளிக்கூட விழாச் செய்தியும் வழக்கம்போல வாட்ஸ்அப்பிலேயே வரும்.

ஒரு பெரியவரை அழைத்தபோது, "எனக்கு மறைக்க என்ன தம்பி இருக்கு?" என்றார். அவர் செல்போனை அவர் சம்மதத்தோடு சேர்ந்து பார்த்தோம். மருமகனின் பாஸ்போர்ட், மகளின் நகை அடகுச் சீட்டு, பேத்திக்குப் பார்க்கும் மாப்பிள்ளைகளின் ஜாதகம் போன்ற விவரத் தாள்கள், தம்பி மனைவியின் ஸ்கேன். "இதெல்லாம் என்னுதில்லையே" என்றார். அதேதான் விஷயம். நம் செல்போனில் இருப்பதில் பாதி நம்முடையது இல்லை.

இன்னொரு கேள்வியை யாரும் மேடையில் கேட்க மாட்டார்கள், வெளியே வந்து காதில் கேட்பார்கள்: "நம்ம ஆளுங்க இதை வச்சிருந்தா சந்தேகப்பட மாட்டாங்களா?" கேட்பதில் தவறில்லை. இது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் பொதுவான செயலி. 2020-ல் ஐரோப்பிய ஆணையமே தன் ஊழியர்களை இதைப் பயன்படுத்தச் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். வீட்டுக்குத் திரை போடுகிறவன் உள்ளே திருட்டுச் சாமான் வைத்திருக்கிறான் என்று யாரும் நினைப்பதில்லை.

அதே நேரம், இது எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. எதிரில் இருப்பவர் நம் செய்தியைப் படம் எடுத்து அனுப்பினால் எந்தச் செயலியும் தடுக்காது. செல்போன் தொலைந்தால், காப்பு எடுத்து வைக்காத செய்திகளும் போகும். தொடக்கத்தில் வைக்கும் பின் எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், மறந்தால் சிரமம். வளைகுடா போகிறவர்கள் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் நாளை வேறொருவருக்குப் போய்விடும். போகும் முன்பே புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அமீரகத்தில் இணையவழி அழைப்புகளுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் கட்டுப்பாடு இருப்பதால், அங்கே இருப்பவர்களோடு பேச சிக்னல் அழைப்பை நம்ப வேண்டாம். எழுத்துக்கும் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சிகிச்சை நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் வீட்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே யாருக்கும் இப்படி ஆகாமப் பார்த்துக்கங்க" என்றார். போன மாதம் அடுத்த கட்ட மருந்துச் சீட்டை அவர் மகன் சிக்னலில்தான் அனுப்பினான். ஒரு வாரத்தில் அது எங்கள் செல்போன்களிலிருந்து அழிந்துவிட்டது. இப்போது எங்களில் யாரிடமும் இல்லை.

இன்ஷா அல்லாஹ், வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் தொண்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெண்களுக்கு மாடியில், பெண் தொண்டர்களே போட்டுக் கொடுப்பார்கள். செல்போனில் சார்ஜ் இருக்கட்டும், பதிவு எண் வருகிற சிம் அதிலேயே இருக்கட்டும். தனியாக வர வேண்டாம். யாரோடு பேசப் போகிறீர்களோ அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.